ஆபரேஷன் இலவசம்... ஓய்வு?

"அடி இறங்குது" என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதைச் சிலராவது கேட்டிருப்பீர்கள். கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் இவற்றைத் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்து உறுப்பு கீழே சரிவதுதான் அது. முக்கியக் காரணம் பிரசவம். தீராத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்கும் வேலை எல்லாம் கூடச் சேரும். (பசங்க கூச்சப்பட்டு இந்தப் பக்கத்தை மூட வேண்டாம். உங்க அம்மாவுக்கே இருக்கலாம், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க.)

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1844-லிருந்து இருக்கிறது அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி. கருப்பையை அடிவழியாகவே எடுத்துவிட்டு, தளர்ந்த சுவரைத் தைத்துவிடுவார்கள். சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காசு கேட்பதில்லை. நல்ல விஷயம்தான்.

பலன் நிலைக்குமா? அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன் ஆன பெண்களை 5 வருடம் தொடர்ந்து பார்த்து 2018-இல் முடிவைச் சொன்னது. இரண்டு முறைகளை ஒப்பிட்டார்கள். டாக்டர்களின் கடுமையான அளவுகோலில் இரண்டிலுமே 60 சதவீதத்துக்கு மேல் "தோல்வி". ஐயோ என்று இருக்கிறதா? ஆனால் மறுபடி சிகிச்சைக்குப் போனவர்கள் சுமார் 8 முதல் 12 சதவீதம்தான். கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பெரும்பாலானோருக்கு வாழ்க்கை முன்னைவிட நன்றாகவே இருந்தது. ஆக, ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது டிஸ்சார்ஜ் ஆன மறுநாளுக்கு. ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது என்பதுதான் வழக்கமான அறிவுரை. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ லாரித் தண்ணி பிடிக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு குடம் 15 கிலோ, வாட்டர் கேன் என்றால் 20 கிலோ!

அந்த ஆறு வாரமே அவசியமா என்று கேட்டவர்களும் உண்டு. டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று (2023) ஒரு குழுவுக்கு இந்தத் தடையை விதிக்காமல், அவரவர் வேகத்தில் வேலைக்குத் திரும்பச் சொன்னது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ரிசல்ட் மோசமில்லை. இதைப் பிடித்துக்கொண்டு "பாத்தியா, ரெஸ்ட்டே வேணாம்" என்று யாராவது கிளம்பலாம். அவரவர் வேகம் என்பது முடிந்தபோது செய்வது. லாரி வந்துவிட்டதே என்று ஓடுவது வேறு.

செங்கல்பட்டுப் பக்கம் 1981-லிருந்து இயங்கும் கிராமப் பெண்கள் அமைப்பு ஒன்று உண்டு, ருவ்செக் என்பார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.கே.சுந்தரி ரவீந்திரனும் அவர் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வலியோடு வருஷக்கணக்கில் வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்தது. பெற்ற உடம்பு ஆறுவதற்குள் வேலை, வேலையால் இறக்கம், இறக்கத்தோடும் வேலை.

தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க்கால உதவியாக 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்க வழியிருக்கிறது. அவள் தெருவிலேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு? ஆறு வாரம் வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடும்.

இங்கேதான் காமர்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்த சட்டம் உதைக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 1995-இல் ஒரு திருத்தம் வந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு 2 வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. பிரசவத்தால் வரும் நோய்க்கு ஒரு மாதம். ஆனால் இருபது வருஷம் முன்னால் ஆன பிரசவத்தைக் காட்டி லீவு கேட்டால் எச்.ஆர். சிரிப்பார். கு.க. செய்துகொண்டால் கூலி இழப்புக்கென்று அரசே பணமும் தருகிறது. ஆக, ஆபரேஷனால் போகும் கூலியைக் கணக்கிட அரசுக்குத் தெரியாமல் இல்லை. மக்கள்தொகைக்காக என்றால் கை தாராளம், அவள் வலிக்காக என்றால் கை மடங்கிக்கொள்கிறது!

முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் பிரசவத்துக்கு 18,000 ரூபாய் வரை தருகிறார்கள். அதே வழியில் இதற்கும் ஆறு வாரக் கூலி தரலாம். புதிதாக எந்த சர்டிபிகேட்டும் தேவையில்லை. "பாரம் தூக்கக்கூடாது" என்று எழுதித் தரும் அந்த டிஸ்சார்ஜ் சீட்டே போதும்.