குறையும் நடைகள், கூடும் சுமைகள்

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தன் பொறுப்பில் தொடங்கியபோது, திருவனந்தபுரம்–நாகர்கோவில் சாலை அதன் முதன்மையான தடங்களுள் ஒன்றாக இருந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகச் செல்லும் அச்சாலையில், 1956 நவம்பர் 1 முதல் களியக்காவிளை மாநில எல்லையாயிற்று. ஆனால் உழைக்கும் மக்களின் பிழைப்பு இன்றும் எல்லையைக் கடந்தே நடக்கிறது. மீன் விற்கும் பெண்களும், கட்டுமானத் தொழிலாளரும், மாணவரும் நம்பியிருப்பது அரசுப் பேருந்தையே.

அப்பேருந்து “நட்டத்தில் ஓடுகிறது” என்று ஓயாது கூறப்படுகிறது. நட்டம் எங்கிருந்து வந்தது? 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டம், கழகங்களுக்கு மூலதனம் அளிப்பதில் ஒன்றிய அரசுக்கும் பங்கு வகுத்தது. அப்பங்கு பின்னாளில் நின்றுபோயிற்று. 2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதல் டீசலுக்கான மானியம் பறிக்கப்பட்டது; லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடியது. 2022 மார்ச்சில் கேரளக் கழகத்துக்கான மொத்த விலை, சில்லறை விலையைவிட 20 ரூபாய்க்கும் மேல் உயர்ந்தது. சொந்தக் காருக்குக் குறைந்த விலை, நூறு பேர் செல்லும் பேருந்துக்குக் கூடிய விலை! இதுவே தாராளமயத்தின் நியாயம்.

நகர்ப்புறப் பேருந்துகளை வாங்க உதவிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டமும் 2014இல் முடிந்தது. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 10,000 மின்பேருந்துத் திட்டமோ தனியார் பங்கேற்பு முறையில் அமைந்தது. பொதுப் பணம் செல்கிறது. பேருந்து பொதுச் சொத்தாவதில்லை.

நிதி சுருங்கும்போது முதலில் வெட்டப்படுபவை கிளைச்சாலை நடைகளும் இரவு நடைகளுமே. நடத்துநரின் பையில் விழும் வசூல் மட்டுமே ஒரு நடையின் பயனாகாது. இரவு நடை நின்றால், கடையில் வேலை பார்க்கும் பெண் அன்றைய கூலியில் ஒரு பகுதியை ஆட்டோவுக்கு அளிக்க வேண்டும். அல்லது அவ்வேலையையே விட வேண்டும். அந்த நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

மாநிலங்களின் கடன் வரம்பை ஒன்றிய அரசு நெரிப்பதை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சென்றது நியாயமானது. ஆயினும், அந்நெருக்கடியின் சுமை கிராம நடைகளின் மீது இறங்காமல் காப்பது மாநில அரசுகளின் கடமை.

டீசல் விலைப் பாகுபாட்டை நீக்குக. கழகங்களுக்கு மூலதனம் வழங்குக. மின்பேருந்துகளைக் கழகங்களின் உடைமையாக்குக. இவை நமது கோரிக்கைகள். எல்லைக் கிராமங்களின் தோழர்கள் தத்தம் ஊரில் நின்றுபோன நடைகளைப் பட்டியலிட வேண்டும். போக்குவரத்துத் தொழிலாளரையும் பயணிகளையும் ஒன்றிணைத்து, தமிழிலும் மலையாளத்திலும் இக்கோரிக்கைகளை வீடுதோறும் கொண்டுசெல்ல வேண்டும். நட்டக்கணக்குக்கு மக்களின் கணக்கே மறுமொழி.