கரகரப்பு யார் குற்றம்?

நாகர்கோவிலில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. கார் நிற்கும்போது ரேடியோ நன்றாகப் பாடும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் "கர்... கர்..." என்று இரையும். வேகம் கூடினால் இரைச்சலும் கூடும்.

உடனே பழி ரேடியோவின் மேல் விழும். "பெட்டி கெட்டுவிட்டது" என்பார்கள். புதுப் பெட்டி வாங்கினாலும் இரைச்சல் போகாது.

குற்றம் பெட்டியில் இல்லை, இஞ்சினில் இருக்கிறது!

பெட்ரோலைப் பற்ற வைப்பது பிளக்கில் பறக்கும் மின்பொறி. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் தடவை சுற்றினால், வினாடிக்கு 100 பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையைக் கிளப்பும். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பியதும் மின்பொறியைக் கொண்டுதான்.

நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தது 1984-ல். அதற்கு முன் நாஞ்சில் நாட்டுக்காரர்கள் திருவனந்தபுரத்தையும் திருநெல்வேலியையும் கேட்டார்கள். தொலைவிலிருந்து வரும் அலை மெலிந்துவிடும். பக்கத்தில் பறக்கும் பொறி அதை விழுங்கிவிடும்.

மருந்து என்ன?

இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதை அடக்க வேண்டும். ஏரியல் கம்பியைக் கழற்றிப் பார்க்கலாம். இரைச்சல் நின்றால், அது ஏரியல் வழியாக வருகிறது. ரெசிஸ்டர் உள்ள பிளக் போட வேண்டும். ஏரியலின் அடியில் துருவைச் சுரண்டி, எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். கழற்றிய பிறகும் இரைந்தால், அது மின்சார ஒயர் வழியாக வருகிறது. அதற்குக் கண்டென்சர் வைக்க வேண்டும்.

இது பாட்டுக் கேட்பவர்களின் கவலை மட்டும் அல்ல. மீனவர்களின் சிறு படகுகளில் உள்ள பெட்ரோல், மண்ணெண்ணெய் இஞ்சின்களிலும் இதே பிளக்தான் இருக்கிறது. அங்கே ரேடியோவில் வருவது புயல் எச்சரிக்கை!

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வீசியது. ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பலர் வீடு திரும்பவில்லை. செய்தி வந்தும் இரைச்சலில் காதில் விழாமல் போனால், அதைவிடக் கொடுமை உண்டா?

படகு இஞ்சினைப் பழுது பார்க்கும்போது ரேடியோவையும் போட்டுப் பார்க்க வேண்டும். இஞ்சினுக்கு ஏற்ற ரெசிஸ்டர் பிளக்கை மெக்கானிக்கிடம் கேட்டுப் போட வேண்டும். செலவு சிறிது. காக்கப்படுவது உயிர்!