வலி நின்றது, நோய் நிற்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி முதல் நாள். எங்கள் பெருமாள் கோயில் திருப்பாவை கோஷ்டியில் என் அருகில் அமரும் எழுபது வயது அன்பர், கடைவாய்ப் பல் வலியோடு வந்திருந்தார். கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு ஒரு நாளும் தவறாமல் வந்தார். ஐந்தாம் நாள் வலி தானாக நின்றது. "பெருமாள் அநுக்கிரகம்" என்றார், நானும் ஆமோதித்தேன். இருவருமே தவறாக எண்ணிவிட்டோம்.

அடுத்த வாரம் தாடை வீங்கிக் காய்ச்சல் கண்டது. வாயைத் திறக்கவே இயலவில்லை. சொத்தை ஆழமாகிப் பல்லின் உள்ளிருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலி மறையும், கிருமிகள் மறைவதில்லை. அவை வேரின் நுனியில் சீழாகத் திரண்டு தாடைக்குப் பரவும். சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்வதோ பல்லை அகற்றுவதோதான் தீர்வு. மாத்திரை அதற்குத் துணை மட்டுமே.

துடிக்கும் வலி, கடித்தால் நோவு, சூடும் குளிர்ச்சியும் பட்டால் கூச்சம், ஈற்றில் கொப்புளம், துலக்கும்போது இரத்தம், வாயில் கசப்பும் துர்நாற்றமும், பல் ஆட்டம் ஆகியவை அறிகுறிகள். மருத்துவரைக் காணும்வரை வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்தால் ஈறு புண்ணாகும். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கைத் தாமாக உட்கொள்வதும் தகாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈற்று நோய் எளிதில் முற்றும். அது சர்க்கரையையும் ஏற்றும். செயற்கை இதய வால்வு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அம்மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலும், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

அன்பருக்குச் சீழ் எடுத்து, உணவுக்குப் பின் உண்ண மாத்திரை தந்தார்கள். இடையே வைகுண்ட ஏகாதசி வந்தது. ஐம்பது ஆண்டு விரதம் கெடுமே என்று கலங்கினார். பட்டர் சுவாமிதான் தெளிவித்தார்: விரதத்தைக் குலைக்காதவை என்று சாத்திரம் எண்ணிச் சொல்லும் எட்டில் நீர், கனி, பால், குருவின் வாக்கு ஆகியவற்றோடு ஔஷதமும் ஒன்று. அன்பர் பாலும் பழமும் உண்டு மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொண்டார்.

கூடாரவல்லியன்று மீண்டும் கோஷ்டிக்கு வந்தார். ஒரு பல் குறைந்திருந்தது, குரல் குறையவில்லை. உங்கள் அருகில் அமரும் அன்பர் ஒருபுறமாகவே மென்று பிரசாதம் உண்டால், ஒரு வார்த்தை விசாரியுங்கள். அன்று நான் அதைச் செய்யவில்லை.