மஸ்கெலியாவுக்கு எவ்வளவு நேரம்?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நோர்வூட் வழியாக ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். ஆனால் மலைநாட்டில் பயணத்தைத் தூரத்தால் மட்டும் கணக்கிடலாகாது. வளைவுகள், மூடுபனி, மழைக்காலத்து மண்சரிவு, டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் நெரிசல் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன்.

இன்னொரு மணி நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. இன்று நாம் காண்பது புதிய ஊர். வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். நாட்டுக்கு மின்சாரம் கிடைப்பதற்காக ஓர் ஊர் இல்லாமற்போன இடம் அது. அழகான ஏரி என்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவது நியாயமா?

வாகனத்தை நிறுத்துங்கள். அங்குள்ள முதியவர் ஒருவரிடம், "பழைய கடைவீதி எங்கே இருந்தது ஐயா?" என்று கேளுங்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அடுத்த பயணத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இயலாது.