பங்கா, கைமாத்தா?

சிவகாசியில் பட்டாசு ஆலையோ, அச்சகமோ, பணம் வழக்கமாக முதலாளி கையிலிருந்துதான் தொழிலாளி கைக்கு வரும். கல்யாணத்துக்கு அட்வான்ஸ், பொங்கலுக்கு அட்வான்ஸ், கழிப்பது சம்பளத்தில். ஸ்டார்ட்அப்களில் இது தலைகீழ். "தம்பி, நீயும் ரெண்டு லட்சம் போடு. கம்பெனி வளர்ந்தா உனக்கும் பங்கு" என்கிறார் முதலாளி. மகன் வேலை பார்க்கிற இடமாச்சே என்று அம்மா கழுத்துச் செயினைக் கழற்றுகிறார்.

சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அந்தக் கதைதான் பலரின் கண்முன் நிற்கிறது. அது வேலைக்காகக் கம்பெனி கொடுத்த பங்கு. கைக்காசைப் போடுவது வேறு சங்கதி.

முதலில், கம்பெனி எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பங்கு என்றாலே கூட்டு வியாபாரம்தான் நினைவுக்கு வரும். 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளியாகக் கையெழுத்துப் போட்டவர் நிறுவனத்தின் கடன் முழுவதற்கும் பொறுப்பு. 2 லட்சம் போட்டவரின் வீட்டுக்கும் நோட்டீஸ் வரலாம். பிரைவேட் லிமிடெட்டில் பங்கு வாங்கினால் நஷ்டம் போட்ட பணத்தோடு நின்றுவிடும்.

அந்தப் பங்குக்கான பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாகத்தான் போக வேண்டும். வாங்கிய 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும்; தவறினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 2 மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ரிசீவ்டு, தேங்க்ஸ்' என்று வந்தால் அது சான்றிதழ் ஆகாது.

"பங்கெல்லாம் அப்புறம், இப்போ கைமாத்தா இருக்கட்டும்" என்றால் இன்னும் உஷார். இயக்குநரோ, அவரது உறவினரோ, பங்குதாரரோ அல்லாத ஊழியரிடம் பிரைவேட் கம்பெனி வாங்கும் கடன், சட்டத்தின் கண்ணில் டெபாசிட். அதை வாங்க அனுமதி இல்லை. வேலைக்காகப் பெறும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் வட்டியில்லாமல், ஒரு வருடச் சம்பளத்துக்கு மிகாமல்.

தொழிலே சட்டப்படி ஓடுமா என்பதையும் பார்க்க வேண்டும். 2018 அக்டோபர் 23-ம் தேதி, பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்க இ-காமர்ஸ் தளங்களுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஆன்லைன் பட்டாசு விற்பனையையே நம்பிய கம்பெனியில் ஒருவர் வேலையும் பார்த்து, சேமிப்பையும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே நாளில் ஆட்டம் கண்டிருக்கும்.

கம்பெனி திவாலானால் சம்பள பாக்கிக்கு வரிசையில் முன்னிடம் உண்டு. பங்குக்குக் கடைசி இடம். பெரும்பாலும் அங்கே பணம் வந்து சேர்வதில்லை.

வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிரைவேட் கம்பெனிப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. திரும்ப வாங்குவது யார், விலையை நிர்ணயிப்பது யார்? அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு அம்மா செயினைக் கழற்றட்டும்.