ஆளுக்கொரு பாயிண்ட் பஞ்சாயத்து

கபடியில் நடுவர் வாயிலிருந்து வந்ததுதான் விதி, புத்தகம் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று நம்ம அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதியதோடு நிற்காமல், ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தைச் சாட்சிக்கு வேறு இழுத்திருக்கிறார். கூண்டேறிய சாட்சி தன்னையே காட்டிக்கொடுக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லையா?

2023 அக்டோபர் 7. இந்தியா 28, ஈரான் 28. முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட் என்னும் 'டூ ஆர் டை' ரைடுக்குப் போன இந்தியாவின் பவன் ஷெராவத், எவரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிடுகிறார். அவரை மறிக்கப் பாய்ந்த ஈரான்காரர்களும் பின்னாலேயே லாபிக்குள். ஆடுகளத்தின் இரு ஓரமும் ஒரு மீட்டர் அகலத்தில் கிடக்கும் அந்தப் பட்டை, தொடுதல் நிகழும்வரை யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. பழைய சர்வதேச விதிப்படி, தொடாமல் அதற்குள் போன ரைடரும் அவுட், துரத்திப்போன தடுப்பாளர்களும் அவுட். புரோ கபடி விதிப்படி ரைடர் அவுட்டான நொடியே ரைடு முடிந்தது. அப்புறம் யார் எங்கே நின்றால் என்ன? இரண்டுக்கும் தர்க்கம் உண்டு. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் போட்டுப் பிசைந்தால் வருவதற்குத்தான் தர்க்கம் கிடையாது.

அன்று நடந்தது அந்தப் பிசைதல். தீர்ப்பு ஒருமுறைக்கு மேல் மாறியது, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள், ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29 என்று தங்கம் நமக்கு வந்தது. "நடுவர் சொல்லே வேதம்" என்று முதல் பத்தியில் முழங்கும் அண்ணாச்சி, நான்காவது பத்தியில் "எதிர்ப்புக்குச் செவிசாய்த்த பெருந்தன்மை" என்று அதே நடுவர்களுக்குச் சாமரம் வீசுகிறார். வேதம் என்றால் எந்தச் சொல் வேதம்? முதலில் சொன்னதா, மாற்றிச் சொன்னதா, நமக்குத் தங்கம் தந்ததா? ஈரான் ஜெயித்திருந்தால் அந்தப் பெருந்தன்மைக்கு அவர் என்ன பெயர் வைத்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவ்வளவு கடினமான ஊகமல்ல.

அடுத்து, மண் தரையில் விதிப்புத்தகம் செல்லாது என்கிறார். வன்னியம்பட்டிப் பக்கத்து ராத்திரி ஆட்டங்களைப் பார்த்தவன் என்பதால் இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் சுண்ணாம்புக் கோடு பாதத்தில் ஒட்டிப் போய்விடும். லாபி எங்கே தொடங்குகிறது என்பதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் உத்தேசமாகத்தான் பார்க்க வேண்டும். அதற்காக? கோடு அழிந்தால் கோட்டைத் திரும்பப் போட வேண்டும். விதியை அழிப்பதா வைத்தியம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர், அடிப்பிடிக்கிறது என்பதற்காக அடுப்பையா இடித்துப்போடுகிறார்?

அவர் உச்சிமுகரும் கிராமத்துச் சமாதானம் இன்னும் வேடிக்கை: தகராறு வந்தால் ஆளுக்கொரு பாயிண்ட், இல்லையென்றால் அந்த ரைடைத் திரும்ப ஆடு. கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் சரியாகப் பிடித்தவனும் தப்பாகக் கால் வைத்தவனும் சமமாகிவிடும் இடத்தில், ஆட்டம் தெரிந்தவனைவிடத் தொண்டை பெருத்தவனுக்குத்தான் லாபம். கத்தினால் பாதி கிடைக்கும் என்று தெரிந்த எந்த அணி கத்தாமல் இருக்கும்? ஒரு நடுவர், இரண்டு அம்பயர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் என்று ஆறு பேரை விதி நிறுத்தியிருப்பது, ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் பிடிக்கத்தானே ஒழிய, கூட்டத்தின் கூச்சலை எடைபோட அல்ல.

அப்படியானால் அண்ணாச்சிக்கு விதிப்புத்தகத்தின் மேல் ஏன் இத்தனை கசப்பு? எங்கள் பொங்கல் விழாக் கமிட்டி மேடையில் மைக் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். நடுவர் விசில் ஊதிய பிறகு "ஆளுக்கொரு பாயிண்ட்" என்று அறிவிக்கும் குரலைப் போன வருடமும் கேட்டேன். அந்தக் குரல்தான் இப்போது கட்டுரையாக வந்திருக்கிறது. நடுவருக்கு முழு அதிகாரம் வேண்டுமென்று வாதாடுகிறவர், அந்த நடுவரின் விசிலைக்கூட மதித்ததில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு என் கணக்கில். எந்த லாபி விதி என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே அட்டையில் எழுதித் தொங்கவிடட்டும். கோட்டையும் அண்ணாச்சியே போடட்டும், மைக்கைக் கீழே வைத்துவிட்டு.