ஏடும் ஏரியும்

ஏடும் ஏரியும் தமிழினத்தின் இரு கருவூலங்கள். முன்னோர் கண்ட அறிவைத் தேக்கி வைத்தது ஏடு; வானம் தந்த நீரைத் தேக்கி வைத்தது ஏரி. இரண்டும் ஒருவர் உழைப்பால் ஆனவை அல்ல. ஒருவர்க்கு மட்டும் உரியவையும் அல்ல. கரை காப்பார் இல்லையேல் ஏரி தூர்ந்து போகும். எடுத்துப் படிப்பார் இல்லையேல் ஏடு செல்லரித்துப் போகும். தமிழ்நாட்டின் தலைநகரில், அதிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எனப் படிப்பும் பொருளும் மிக்க பகுதிகளில், இவ்விரு கருவூலங்களும் பட்டபாடு தமிழர் அறிந்து கவலவும், கவன்று செயற்படவும் உரியதாகும்.

இன்று தியாகராய நகர் என வழங்கும் பகுதியின் பெரும்பரப்பு நூறாண்டுக்கு முன் ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்தினின்று மாம்பலம் வழியே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நீர்நிலைகளை 1920-களில் தூர்த்து மனைகளாக்கினர். ஏரி போயிற்று, அதன் தமிழ்ப்பெயரும் மக்கள் நாவினின்று போயிற்று. எஞ்சியவை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலையும், நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்டு' சாலையுமே. ஏரிக்கரை என்று சொல்லத் தமிழில் சொல் இல்லாமற் போயிற்றா? இல்லை. ஏரியைக் கொன்றவர் கல்லறையில் தம் மொழியில் பெயர் பொறித்துச் சென்றனர். அதனை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் பின்வந்த தமிழர்க்கும் தோன்றவில்லை.

வெள்ளையரை மட்டும் குறைகூறித் தப்பிவிடவும் இயலாது. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியைத் தூர்த்த நிலத்தின் மேலேயே நிற்கின்றது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். மழையைத் தம் நூலின் இரண்டாம் அதிகாரமாக்கிய அப்பெரும்புலவர்க்கு, மழைநீர் தேங்கிய ஏரியை அழித்துக் கோட்டம் எடுத்தது, அவர் பெயரைப் போற்றி அவர் நூலைப் படியாமையின் விளைவேயாகும். நீர்நிலை பெருக்கிய வேந்தனே நிலைத்த புகழ் உடையவன் எனக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய பாட்டு, புறநானூற்றில் பதினெட்டாம் பாட்டாக இருக்கின்றது. அதனை மேடையில் முழங்கியோர் பலர். மேடை போடப்பெற்ற நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று வினவியோர் மிகச் சிலர்.

வினவாமையின் பயனைச் சென்னை இருமுறை கண்டது. 2015 திசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை கொட்டச் செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்து விடப்பெற்றது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. நான்காண்டு கூடக் கழியவில்லை. 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்தன. அவ்வாண்டு சூலைத் திங்களில் சோலையார்பேட்டையினின்று தொடர்வண்டியில் குடிநீர் வந்து இறங்கிற்று. மிகுந்த நீரைத் தேக்க இடமின்மையும், குறைந்த காலத்தில் எடுத்துப் பருக நீரின்மையும் ஒரே நோயின் இரு முகங்கள். 2021 நவம்பர் மழையிலும் தியாகராய நகர்த் தெருக்கள் நீரில் நின்றன. ஏரி இருந்த இடத்தைத் தண்ணீர் மறக்கவில்லை, மாந்தரே மறந்தனர்.

இம்மறதியைப் போக்க வேண்டிய இடம் நூலகம். அடையாற்றில் 1886-இல் தோன்றிய பிரமஞானக் கழக நூலகம் இருக்கின்றது. உ.வே.சாமிநாதரின் சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943-இல் அமைந்த நூலகம் பெசன்ட் நகரில் இருக்கின்றது. கோட்டையூர் முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த அச்சுச் செல்வம், 1994-இல் அமைந்த உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் தரமணியில் இருக்கின்றது. அண்ணாசாலையில் மாவட்ட மைய நூலகம் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் தேடித் தொகுத்த நாலாயிரம் அளவிலான நூல்களோ, 1958-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இலிங்கிச் செட்டித் தெருவில் திறந்த நூல்நிலையத்தின் அடித்தளமாயின. பின்னர் அவை எழும்பூர்க் கன்னிமாரா நூலக வளாகத்தில் இடம்பெற்றன. பல்லவபுரத்து வீட்டில் ஒரு தனிமாந்தர் தம் ஈட்டத்தையெல்லாம் கொட்டி அமைத்த நூலகம் பொதுமக்கள் உடைமையானது, தமிழர் என்றும் எண்ணிப் பெருமிதம் கொள்ளற்குரிய நிகழ்ச்சி.

இவை பேரேரிகள். பேரேரி நிறைந்திருந்தாலும் வாய்க்கால் அடைபட்டால் கடைமடைக்கு நீர் பாயாது. தெருவுக்கு அருகில் உள்ள கிளைநூலகங்களே அவ்வாய்க்கால்கள். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் உலகுக்கு அளித்தவர் அரங்கநாதர். நூலகம் வளரும் உயிர் என்பது அவர் கண்ட ஐந்தாம் விதியின் கருத்து. அவ்வுயிர்க்கு உணவாகவே, விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறிற்று. வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டி அதனை நூலகத்துக்கே செலவிட வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. இன்று அவ்வரி உருவாவுக்குப் பத்துக் காசு. மயிலாப்பூரில் மாடிவீடு உடையவரும், மாம்பலத்தில் சிறுவீடு உடையவரும் அதனைக் கட்டுகின்றனர். ஆயினும், மாநகராட்சி தண்டிய நூலக வரி உரிய காலத்தில் முழுமையாக நூலகத் துறையைச் சென்றடையவில்லை என்னும் முறையீடு பன்முறை செய்தித்தாள்களில் வந்துள்ளது. மக்கள் படிப்புக்கெனக் கொடுத்த காசு வழியில் தேங்குமாயின், அது மடையை அடைத்துக் கடைமடையைக் காயவிடும் செயலேயாம்.

வாய்க்காலுக்கு நேர்வது பேரேரிக்கும் நேரலாம் என்பதற்குச் சான்று கோட்டூர்புரம். அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டு நினைவாக 2010 செப்டம்பர் 15-இல் திறக்கப்பெற்ற ஒன்பது மாடிப் பெருநூலகத்தை, ஆட்சி மாறியபின், 2011 நவம்பரில், குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவு செய்தது. மருத்துவமனை வேண்டற்பாலதே, அதற்கு நூலகத்தைப் பலியிடுதல் வேண்டற்பாலதன்று. படிப்பாளரும் எழுத்தாளரும் எதிர்த்தெழுந்தனர், உயர்முறைமன்றம் தடை விதித்தது, நூலகம் நின்றது. பொதுவுடைமையைக் காப்பது ஆட்சியாளரின் அருளன்று, மக்களின் விழிப்பே என்பது அன்று உறுதியாயிற்று.

அதே விழிப்பு நீரையும் மரத்தையும் காக்க முன்வந்ததும் இப்பகுதியிலேதான். அண்ணா நூலகத்துக்குத் தொலைவில் இல்லாத கோட்டூர்புரத்தில், குப்பை கொட்டிக் கிடந்த ஆற்றோர நிலத்தில் 'நிழல்' என்னும் அமைப்பினர் 2006-இலிருந்து நாட்டு மரங்களை நட்டு மரப்பூங்கா ஆக்கினர். மந்தைவெளிப் பகுதியில் 2002-இல் 'மழை இல்லம்' திறக்கப்பெற்று, கூரைநீரை நிலத்துள் இறக்கும் முறையை எளிய மக்களும் கண்டறியச் செய்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பெற்றது. 1988-இலிருந்து மாணவர் குழுவொன்று ஆண்டுதோறும் இரவில் கடற்கரை நெடுக நடந்து ஆமை முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றது. நிழல், மழை இல்லம்! நல்ல பணிக்கு நல்ல தமிழ்ப்பெயர் தாமே வந்து பொருந்துவதைக் காண்க.

இடிபாடும் குப்பையும் கொட்டிச் சீரழிந்த அடையாற்று ஓடைப் பகுதியில் 58 ஏக்கர் மீட்கப்பெற்று, 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயர் பெற்றது. இப்பெயர் வெறும் அணியன்று. தொல்காப்பியர் நிலத்தைத் திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளைக் கூறுங்கால், மரத்தையும் புள்ளையும் விலங்கையும் உணவையும் தொழிலையும் பறையையும் யாழையும் ஓரிடத்தே வைத்தார். மரம் வேறு, பாட்டு வேறு எனப் பிரிக்காத நோக்கு அது. மேலையுலகம் சூழலியல் என்று அண்மைக் காலத்தில் கண்ட ஒன்றைத் தமிழ் இலக்கணத்தின் பொருளதிகாரம் முன்பே வாழ்வியலாகக் கண்டது. அப்படியிருக்க, நூலகத்தைக் காப்பவர் ஒரு கூட்டமாகவும், ஆற்றைக் காப்பவர் வேறு கூட்டமாகவும், தமிழைக் காப்பவர் மற்றொரு கூட்டமாகவும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்பது எவ்வாறு பொருந்தும்?

பொருந்தாமையின் கேடு வெளிப்படையானது. அடையாற்றைப் பற்றியும் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பற்றியும் எழுதப்பெறும் ஆய்வுகளில் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே உள்ளன; ஆற்றோரத்தில் வாழ்பவர் அவற்றைப் படிக்க இயலாது. ஆற்றோரத்தில் வாழ்பவர் அறிந்ததோ எந்த நூலிலும் ஏறவில்லை. கரையேறி முட்டையிடும் சிற்றாமையை ஆங்கிலப் பெயரால் அறிந்த படித்தவர், மீனவர் அதனைப் 'பங்குனி ஆமை' என்று அது வரும் காலத்தாலேயே பெயரிட்டழைப்பதை அறியார். ஊரூர்க் குப்பத்து முதியவர் வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் திசையறிந்து கடல் புகுவர். ஏரி, குளம், ஏந்தல், தாங்கல், ஊருணி, மதகு, கலிங்கு என நீரைத் தேக்கவும் திறக்கவும் கழிக்கவும் தமிழில் வழங்கிய சொற்கள் எத்தனை! பழவந்தாங்கலிலும் ஐயப்பன்தாங்கலிலும் குடியிருப்போருள் தாங்கல் என்பது நீர்நிலையின் பெயர் என்று அறிந்தவர் எத்துணைப் பேர்? கலிங்கு இடிந்தபின் கலிங்கு என்னும் சொல்லை அகரமுதலியில் மட்டும் காப்பது, பறவை பறந்துபோனபின் கூட்டைக் காப்பது போன்றது. பொருள் அழிந்தால் சொல் அழியும். சொல் அழிந்தால் அப்பொருளை மீண்டும் வேண்டும் என்று கேட்கும் வாயும் அழியும். தனித்தமிழ்ப் பற்றாளர் ஏரிக்காகவும் போராட வேண்டுவது இதனாலேயே.

இன்னோர் உண்மையையும் மறைத்தலாகாது. 2015 வெள்ளத்துக்குப் பின், ஆற்றைச் சீராக்குதல் என்னும் பெயரால் அடையாற்றங்கரைக் குடிசை மக்கள் பலர் நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் பெயர்க்கப்பெற்றனர். அவர்கள் தொழிலும் பிள்ளைகள் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றன. ஆற்றின் மடியில் பெருங்கட்டடம் எழுப்பியவர் இருக்க, ஆற்றோரம் ஓலைக்கூரை போட்டவர் மட்டும் ஆற்றைக் கெடுத்தவர் ஆயினர். எளியவரைப் பெயர்த்து எழில் காண்பது சூழல் காப்பன்று. பெயர்க்கப்பெற்றவர் வாழும் இடத்துக்கு நல்ல நூலகமும், நிழல்தரு மரமும், தூய நீரும் முதற்கண் சென்று சேரல் வேண்டும்; மயிலாப்பூர்க்கு எட்டுவது பெரும்பாக்கத்துக்கும் எட்டும்போதே அது பொதுநலம் எனப்படும்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. முதலாவது, தண்டிய நூலக வரி முழுவதும் நூலகத்தைச் சேர்வதற்குரிய கணக்கை மாநகராட்சி ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். வரி கட்டும் ஒவ்வொருவரும் அதனைக் கேட்கும் உரிமையுடையர். இரண்டாவது, ஒவ்வொரு கிளைநூலகத்திலும் அப்பகுதியின் நீரும் மரமும் பற்றிய ஏடு ஒன்று தொடங்கப்பெற வேண்டும். முன்பு எங்கு ஏரி இருந்தது, எந்த வாய்க்கால் எங்கு அடைபட்டது, கிணற்றுநீர் எவ்வாண்டு எவ்வளவு ஆழத்தில் நின்றது, எம்மரம் எத்தெருவில் நிற்கின்றது என்பவற்றை முதியவரிடம் கேட்டு மாணவர் எழுதட்டும். மீனவர் சொல்லும் வண்ணார் சொல்லும் தோட்டக்காரர் சொல்லும் அதில் ஏறட்டும். மூன்றாவது, நூலகங்களில் 'வாசகர் வட்டம்' என இயங்குபவை படிப்பாளர் வட்டங்களாகப் பெயரிலும் செயலிலும் புதுமை பெற்று, திங்களில் ஒருநாள் படித்ததைப் பேசவும், ஒருநாள் குளக்கரையையோ ஆற்றங்கரையையோ தூய்மை செய்யவும் முன்வர வேண்டும். நான்காவது, மறைந்த ஏரிகளின் மேல் அமைந்த சாலைகளின் ஆங்கிலப் பெயர்கள் நீங்கித் தமிழ்ப்பெயர்கள் எழுதப்பெற வேண்டும். பெயர்ப்பலகை ஏரியை மீட்டுத் தாராது. ஆயினும் ஏரி இருந்ததை நாளும் நினைவூட்டும்.

இது தமிழர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றது. ஏரி காப்பதற்கெனவே ஊரில் ஓர் அவையம் இருந்தது. அவ்வாரியத்தில் எல்லாக் குடியினர்க்கும் இடம் இருந்ததில்லை, பெண்டிர்க்கும் இல்லை. அக்குறையைக் களைந்து, குப்பத்தாரும் குடிசையாரும் பெண்டிரும் மாணவரும் ஒருநிகராக அமரும் வாரியங்களைத் தெருத்தோறும் அமைத்தலே இற்றைத் தமிழர் கடன்.

மொழிப்பற்று மேடைப் பேச்சோடு நின்றுவிடுமாயின் அது தூர்ந்த ஏரியின் மேல் எடுத்த கோட்டம் போன்றதே. பாவாணர் பெயர் தாங்கிய நூலகத்தில் உறுப்பினர் ஆகாதவரும், தொல்காப்பியர் பெயர் தாங்கிய பூங்காவுக்கு அருகில் குப்பை கொட்டுபவரும் தமிழ் வாழ்க எனக் கூவுவதால் தமிழ் வாழ்ந்துவிடாது. இந்தத் திங்களே ஒவ்வொரு தமிழரும் தம் பகுதி நூலகத்தின் படியேறுக. தம் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்க. திரும்பும் வழியில், தம் வீடு நிற்கும் நிலம் முன்பு யாதாக இருந்தது என்று அக்குழந்தைக்குச் சொல்லுக. சொல்லத் தெரியாதவர் மறுநாளும் நூலகம் செல்க.